எஸ்.எஸ்.டி.யைக் கணினி காணவில்லை என்றால்: வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பல, ஒரே புகாரைச் சொல்கின்றன: எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாமல் நினைவகச் சிப்புகளில் தரவைச் சேமிக்கும் டிரைவ்) கணினிக்குள்தான் இருக்கிறது, ஆனால் கணினிக்கு அது தெரியவில்லை. புகார் ஒன்றுதான் என்றாலும், "தெரியவில்லை" என்ற சொல் ஒவ்வொரு கடிதத்திலும் ஒவ்வொரு பொருளில் வருகிறது. பயாஸ் திரையிலேயே, அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் கணினியின் பாகங்களைச் சரிபார்க்கும் அடிப்படை மென்பொருளின் திரையிலேயே, தெரியாதது ஒரு வகை. பயாஸில் தெரிந்தும் விண்டோஸ் நிறுவும்போது தெரியாதது இன்னொரு வகை. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது காணாமல் போவது மூன்றாவது வகை. இவற்றுக்கான காரணங்களும் வேறு, செய்ய வேண்டியவையும் வேறு. எந்த இடத்தில் தெரியவில்லை என்பதைத் தெளிவாக எழுதியவர்களின் கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வரும் மேசைக் கணினியில் ஒரு சாட்டா (கேபிள் வழியே இணையும் வகை) எஸ்.எஸ்.டி.யும் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கும் உள்ளன. இரவு மின்சாரம் திடீரென நின்றது. காலையில் கணினியை இயக்கியபோது, இயங்குதளம் உள்ள சாதனம் எதுவும் இல்லை என்று கறுப்புத் திரையில் ஆங்கிலச் செய்தி வந்தது. பயாஸில் ஹார்ட் டிஸ்க்கின் பெயர் மட்டுமே இருக்கிறது. என் மகளின் ஆய்வேடு முழுவதும் அந்த எஸ்.எஸ்.டி.யில்தான் உள்ளது. விண்டோஸை மறுபடியும் நிறுவினால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். பயாஸுக்கே தெரியாத டிரைவ், விண்டோஸ் நிறுவும் நிரலுக்கும் தெரியாது. ஆகவே அந்த யோசனை எஸ்.எஸ்.டி.யைச் சரிசெய்யப் போவதில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. நிறுவும் திரையில் உங்கள் ஹார்ட் டிஸ்க் மட்டுமே தென்படும். அவசரத்தில் அதைத் தேர்ந்தெடுத்து, அதில் இருப்பதையும் அழித்துவிட்டு, ஒரு இழப்பை இரண்டாக்கிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கணினியை இயக்கியவுடன், அதன் முதன்மைச் சுற்றுப்பலகையான மதர்போர்டில் உள்ள பயாஸ் ஒவ்வொரு இணைப்பையும் நோக்கி "அங்கே யார்?" என்று கேட்கிறது. எஸ்.எஸ்.டி.க்குள் இருக்கும் கண்ட்ரோலர் சிப் விழித்தெழுந்து, தன் பெயரையும் கொள்ளளவையும் பதிலாக அனுப்ப வேண்டும். உங்கள் கணினியில் அந்தப் பதில் வரவில்லை. எஸ்.எஸ்.டி.க்கு மின்சாரம் போகாமல் இருக்கலாம். பதில் வரும் கேபிள் பழுதாகியிருக்கலாம். மதர்போர்டில் அந்த இணைப்பு அணைக்கப்பட்டிருக்கலாம். அல்லது கண்ட்ரோலரே எழ முடியாமல் கிடக்கலாம். இவற்றில் முதல் மூன்றும் தரவைத் தொடாத சிறு கோளாறுகள் என்பதால், அவற்றை முழுமையாக விலக்கிய பிறகே நான்காவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

முதலில், பயாஸில் நீங்கள் பார்த்த பக்கம் எது என்பதை உறுதிசெய்யுங்கள். பூட் வரிசையை, அதாவது இயங்குதளத்தை எந்த டிரைவில் முதலில் தேடுவது என்ற வரிசையை, காட்டும் பக்கமும், இணைக்கப்பட்ட டிரைவ்களைக் காட்டும் பக்கமும் ஒன்றல்ல. விண்டோஸின் தொடக்கக் கோப்புகள் சிதைந்திருந்தால், எஸ்.எஸ்.டி. பூட் வரிசையிலிருந்து மறைந்துவிடும். ஆனால் டிரைவ்களின் பட்டியலில் இருக்கும். அப்படியானால் டிரைவ் நலமாகவே இருக்கிறது, கெட்டது மென்பொருள்தான். அதே திரையில் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். பல ஆண்டுகள் பின்தங்கிய தேதி தெரிந்தால், மதர்போர்டில் உள்ள நாணய வடிவ 3 வோல்ட் பேட்டரி தீர்ந்துபோய், மின்சாரம் நின்றபோது பயாஸ் அமைப்புகள் அனைத்தும் தொடக்க நிலைக்குத் திரும்பியிருக்கின்றன என்று பொருள். சாட்டா இணைப்புகள் இயக்கத்தில் உள்ளனவா என்பதை அப்போது ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும்.

அமைப்புகள் சரியாக இருந்தால், கணினியை அணைத்து, சுவரிலிருந்து மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பொத்தானை 15 நொடிகள் அழுத்திப் பிடித்து, எஞ்சியிருக்கும் மின்னேற்றத்தை வெளியேற்றுங்கள். பெட்டியைத் திறந்ததும் அதன் வெறும் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உங்கள் எஸ்.எஸ்.டி.யில் இரண்டு இணைப்புகள் இருக்கும்: 7 தொடுமுனைகள் கொண்ட குறுகலானது தரவுக்கு, 15 தொடுமுனைகள் கொண்ட அகலமானது மின்சாரத்துக்கு. ஹார்ட் டிஸ்க் என்றால் சுழலும் அதிர்வைக் கையால் உணர்ந்தே மின்சாரம் வருகிறதா என்று சொல்லிவிடலாம், எஸ்.எஸ்.டி. உயிரோடு இருந்தாலும் பேசாது, செத்தாலும் பேசாது.

நல்ல வேளையாக, உங்களிடம் வேலை செய்யும் ஹார்ட் டிஸ்க் ஒன்று இருக்கிறது. எந்தக் கருவியும் வாங்காமல் செய்யக்கூடிய மிக நல்ல சோதனைக்கு அதுவே போதும். ஹார்ட் டிஸ்க்கில் செருகியுள்ள இரண்டு கேபிள்களையும் கழற்றி எஸ்.எஸ்.டி.யில் செருகுங்கள், எஸ்.எஸ்.டி.யின் கேபிள்களை ஹார்ட் டிஸ்க்கில் செருகுங்கள். இரண்டு டிரைவ்களுக்கும் இணைப்பின் வடிவம் ஒன்றே என்பதால் இதில் தயக்கம் வேண்டாம். பிறகு பயாஸைப் பாருங்கள். எஸ்.எஸ்.டி. தெரிந்து ஹார்ட் டிஸ்க் மறைந்திருந்தால், குற்றவாளி கேபிள் அல்லது மதர்போர்டின் அந்த இணைப்பு. ஹார்ட் டிஸ்க் எங்கே செருகினாலும் தெரிந்து, எஸ்.எஸ்.டி. எங்கே செருகினாலும் தெரியாமல் இருந்தால், கோளாறு எஸ்.எஸ்.டி.க்குள்தான் இருக்கிறது. இரண்டுமே இப்போது தெரிந்தால், தளர்ந்திருந்த இணைப்பு ஒன்று மறுபடி செருகியதில் இறுகிவிட்டது. இருந்தாலும் அந்தத் தரவுக் கேபிளைப் புதிதாக மாற்றிவிடுங்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பவர் சப்ளையிலிருந்து கழற்றி மாட்டக்கூடிய கேபிள்களை, வேறொரு பவர் சப்ளையுடன் வந்த கேபிள்களால் மாற்றாதீர்கள். டிரைவ் பக்கம் வடிவம் பொதுவானது. பவர் சப்ளை பக்கம் எந்தத் தொடுமுனையில் எந்த வோல்ட் என்பதற்குப் பொதுவான விதி கிடையாது. 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வோல்ட் வந்தால், அதுவரை பிழைத்திருந்த டிரைவும் அந்த நொடியே கருகிவிடும்.

சோதனையில் கோளாறு எஸ்.எஸ்.டி.க்குள் என்று தெரிந்தால், இன்னும் ஒரு முயற்சி உண்டு. கேட்பதற்கு மந்திரம் போல இருக்கும், காரணம் இருக்கிறது. எந்தத் தரவு எந்த நினைவகச் சிப்பின் எந்த மூலையில் இருக்கிறது என்பதை ஒரு வரைபட அட்டவணையாகக் கண்ட்ரோலர் பராமரிக்கிறது. அட்டவணையை எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றால் அது அரைகுறையாகிவிடும். மறுபடி மின்சாரம் வரும்போது கண்ட்ரோலர் அதைச் சரிசெய்ய முற்படும், அதுவரை பயாஸின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம். நாமோ பொறுமையிழந்து மறுபடி மறுபடி அணைத்து, அந்த வேலையை ஒவ்வொரு முறையும் கலைத்துவிடுகிறோம். ஆகவே எஸ்.எஸ்.டி.யை இணைத்து, கணினியை இயக்கி, பயாஸ் திரையிலேயே 20 நிமிடங்கள் விட்டுவிடுங்கள். பிறகு அணைத்து, எஸ்.எஸ்.டி.யின் மின்சாரக் கேபிளை 30 நொடிகள் கழற்றி வைத்து, மறுபடி செருகி, இன்னொரு முறை 20 நிமிடங்கள் விடுங்கள். உங்கள் கதை மின்வெட்டில் தொடங்கியது என்பதால், இது பலிக்க ஓரளவு வாய்ப்பு இருக்கிறது.

எஸ்.எஸ்.டி. திரும்பி வந்தால், முதல் வேலை ஆய்வேட்டை நகலெடுப்பது. விண்டோஸைப் புதுப்பிப்பது, வேகச் சோதனை செய்வது, வைரஸ் தேடுவது எல்லாம் அதற்குப் பிறகுதான். வராவிட்டால், வீட்டு வைத்தியங்களை அத்துடன் நிறுத்திவிட்டு, தரவு மீட்பதையே தொழிலாகக் கொண்ட ஆய்வகத்தை நாடுங்கள். குளிர்பதனப் பெட்டியில் வைக்கும் பழைய யோசனையை யாராவது சொல்லக்கூடும். அது ஹார்ட் டிஸ்க் காலத்து நம்பிக்கை, சுழலும் பாகம் எதுவும் இல்லாத எஸ்.எஸ்.டி.யில் அதற்கு வேலையே இல்லை, உள்ளே படியும் ஈரம்தான் மிச்சம். நினைவகச் சிப்புகளைத் தனியே பெயர்த்துப் படித்துவிடலாம் என்று சொல்பவர்களையும் உடனே நம்பிவிடாதீர்கள். பல எஸ்.எஸ்.டி.க்களில் கண்ட்ரோலரே எல்லாத் தரவையும், குறியீடு இல்லாமல் படிக்க முடியாதபடி, மறையாக்கம் செய்துதான் எழுதுகிறது. கண்ட்ரோலர் இல்லாமல் படித்தால் பொருளற்ற எண்களே கிடைக்கும்.

கேள்வி: என் புதிய லேப்டாப்பில் விண்டோஸ் நிறுவ முயன்றேன். பயாஸில் எஸ்.எஸ்.டி.யின் பெயரும் கொள்ளளவும் சரியாகத் தெரிகின்றன. ஆனால் எங்கே நிறுவ வேண்டும் என்று கேட்கும் திரையில் பட்டியல் காலியாக இருக்கிறது. டிரைவ் பழுதா?

பதில்: பழுதில்லை. பயாஸில் தெரிகிறது என்ற ஒரு வரியே டிரைவின் நலத்துக்கு நல்ல சான்று. இன்டெல் 11ஆம் தலைமுறைச் செயலிகள் முதல் பல லேப்டாப்புகளில், டிரைவ்களைச் செயலி வழியே நிர்வகிக்கும் வி.எம்.டி. என்ற அமைப்பு தொழிற்சாலையிலேயே இயக்கப்பட்டு வருகிறது. அது என்.வி.எம்.இ. (பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் பாதை வழியே வேகமாகப் பேசும் வகை) டிரைவைத் தன் பின்னால் மறைத்துக்கொள்கிறது. அதனுடன் பேசத் தெரிந்த இயக்கி மென்பொருள் நிறுவல் பென்டிரைவில் இல்லாவிட்டால், பட்டியல் காலியாகத்தான் இருக்கும்.

வேறொரு கணினியில், உங்கள் லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் இயக்கியைப் பதிவிறக்கி, அதைப் பிரித்து, கிடைக்கும் கோப்புறையைப் பென்டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். நிறுவும் மென்பொருளாக வரும் ஒற்றைக் கோப்பு இங்கே பயன்படாது, பிரித்த கோப்புறைதான் வேண்டும். காலியான பட்டியலுக்குக் கீழே உள்ள "லோட் டிரைவர்" என்பதை அழுத்தி அந்தக் கோப்புறையைக் காட்டினால், டிரைவ் தோன்றும்.

பயாஸில் வி.எம்.டி.யை அணைத்துவிட்டாலும் டிரைவ் தெரியும். வெறும் டிரைவில் புதிதாக நிறுவுகிற உங்களுக்கு அது எளிய வழி. ஏற்கெனவே விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் கணினியில், வேறு யாரோ சொன்னதைக் கேட்டு இதை மாற்றுபவர்களுக்குத்தான் சிக்கல்: மறுமுறை இயக்கும்போது நீலத் திரை வந்து நிற்கும். பழைய அமைப்புக்குத் திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மாற்றியே தீர வேண்டும் என்றால், முதலில் விண்டோஸை அடுத்த முறை சேஃப் மோடில் (அடிப்படை இயக்கிகளுடன் மட்டும்) தொடங்கும்படி அமைத்துவிட்டு, பிறகு பயாஸில் மாற்றுங்கள். விண்டோஸின் மறையாக்க வசதியான பிட்லாக்கர் இயக்கத்தில் இருந்தால், 48 இலக்க மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே பயாஸுக்குள் கை வைக்க வேண்டும்.

கேள்வி: மதர்போர்டில் காலியாக இருந்த எம்.2 இணைப்பில் (சிறு பலகை வடிவ டிரைவை நேரடியாகச் செருகும் இடம்) புதிய எஸ்.எஸ்.டி. ஒன்றைச் செருகினேன். அது தெரிகிறது; ஆனால் அதுவரை நன்றாக இருந்த சாட்டா டிரைவ் காணாமல் போய்விட்டது. புதியது பழையதைக் கெடுத்துவிட்டதா?

பதில்: இல்லை, இடத்தைப் பிடித்துக்கொண்டது. மதர்போர்டில் தரவு செல்லும் பாதைகளின் எண்ணிக்கை அளவானது என்பதால், பல மாதிரிகளில் ஓர் எம்.2 இணைப்பும் ஒன்றிரண்டு சாட்டா இணைப்புகளும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. எம்.2வில் டிரைவ் ஏறியதும் அந்தச் சாட்டா இணைப்பு தானாக அணைந்துவிடும். மதர்போர்டின் கையேட்டில் எது எதனுடன் பகிர்கிறது என்ற சிறு அட்டவணை இருக்கும். சாட்டா கேபிளை வேறு எண்ணுள்ள இணைப்புக்கு மாற்றினால் பழைய டிரைவ் திரும்பி வந்துவிடும்.

இதே கடிதக் கட்டில் இன்னொரு வாசகர், செருகிய எம்.2 டிரைவே தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார். அவருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அந்த வடிவத்தில் சாட்டா முறையில் பேசும் டிரைவும் உண்டு, என்.வி.எம்.இ. முறையில் பேசும் டிரைவும் உண்டு. சில இணைப்புகள் ஒன்றை மட்டுமே ஏற்கும். டிரைவ் உள்ளே பொருந்திவிட்டது என்பதால் பேச்சும் பொருந்தும் என்று கொள்ள முடியாது. சாட்டா எம்.2 டிரைவ்களில் தொடுமுனை விளிம்பில் பெரும்பாலும் இரண்டு வெட்டுகளும், என்.வி.எம்.இ. டிரைவ்களில் பெரும்பாலும் ஒரு வெட்டும் இருக்கும். ஆனாலும் உறையில் அச்சிட்டிருப்பதே உறுதியான சான்று. டிரைவைச் சாய்வாகச் செருகி, முழுமையாக உள்ளே தள்ளிய பிறகே படுக்க வைத்து ஸ்க்ரூவை முடுக்க வேண்டும். தங்க நிறத் தொடுமுனைகள் வெளியே ஓரளவுக்கு மேல் தெரிந்தால் அது இன்னும் ஏறவில்லை. செயலியைப் பொறுத்தும் சில இணைப்புகள் உயிரற்றுப் போவதுண்டு: இன்டெல் இசட்590 வகை மதர்போர்டில் 10ஆம் தலைமுறைச் செயலியைப் பொருத்தினால், செயலியோடு நேரடியாக இணைந்த முதல் எம்.2 இணைப்பு வேலை செய்யாது. அதில் டிரைவை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் தேடினாலும் பயனில்லை. அடுத்த இணைப்புக்கு மாற்றுங்கள்.

கேள்வி: விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் எஸ்.எஸ்.டி. தெரிகிறது. ஆனால் "இனிஷியலைஸ்" செய்யச் சொல்லிக் கேட்கிறது. சரி என்று சொல்லலாமா?

பதில்: இப்போதுதான் வாங்கிய வெறும் டிரைவ் என்றால் சொல்லலாம், பகுப்பு அட்டவணையின் இன்றைய வகையான ஜி.பி.டி. முறையைத் தேர்ந்தெடுங்கள். தரவு இருந்த டிரைவ் என்றால் சொல்லவே கூடாது. பகுப்பு அட்டவணை (டிரைவ் எந்தெந்தப் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது என்ற குறிப்பு) படிக்க முடியாமல் போயிருக்கிறது என்பதே அந்தக் கேள்வியின் உட்பொருள். சரி என்றால் புதிய, காலியான அட்டவணை அதன் மேல் எழுதப்படும். ரத்து செய்துவிட்டு, டிரைவ் முழுவதையும் அப்படியே வேறொரு டிரைவுக்கு நகலெடுத்து, மீட்பு முயற்சிகளை அந்த நகலில் செய்யுங்கள். டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச நிரல், தொலைந்த பகுப்புகளைத் தேடிக் காட்டும். ஃபார்மட் செய்த பிறகு மீட்டுக்கொள்ளலாம் என்று ஹார்ட் டிஸ்க் பழக்கத்தில் நினைத்துவிடாதீர்கள், எஸ்.எஸ்.டி.யில் ட்ரிம் என்ற கட்டளை, ஃபார்மட் செய்த இடங்களை டிரைவுக்கு அறிவித்து, உள்ளிருந்தே துடைக்க வைத்துவிடும்.

கேள்வி: லேப்டாப்பை மூடி வைத்துத் திறந்தால் எஸ்.எஸ்.டி. காணாமல் போகிறது. முழுவதும் அணைத்து இயக்கினால் திரும்ப வருகிறது. ஏன்?

பதில்: உறக்கத்துக்குப் போன டிரைவ், எழுப்பும்போது உரிய நேரத்தில் எழவில்லை. டிரைவின் ஃபர்ம்வேரையும் (அதன் உள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருள்) லேப்டாப்பின் பயாஸையும் புதுப்பியுங்கள். அதற்கு முன் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸின் பவர் அமைப்புகளில் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் மின்சிக்கனத்தை அணைத்தும் பாருங்கள். இரண்டுக்கும் அடங்காமல், பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போதும் மறைகிறது என்றால், வெப்பத்தையும் தளர்ந்த இணைப்பையும் சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி: ஹார்ட் டிஸ்க் கெடும் முன் சத்தம் போடும், மெதுவாகும். எஸ்.எஸ்.டி. மட்டும் ஏன் எந்த அறிகுறியும் இல்லாமல் ஒரே நாளில் மறைகிறது?

பதில்: நினைவகச் சிப்புகள் தேய்வது மெதுவாகத்தான் நடக்கிறது, அதை, டிரைவ் தன் நலத்தைப் பற்றித் தானே தரும் ஸ்மார்ட் அறிக்கையில் சதவீதமாகவே பார்க்கலாம். திடீரென்று மறையும் டிரைவ்களில் பெரும்பாலும் கெடுவது கண்ட்ரோலர், அதற்கு மின்சாரம் தரும் சுற்று, அல்லது ஃபர்ம்வேர். மூன்றாவது பலருக்கு வியப்பாக இருக்கும். 2011இல் இன்டெல் 320 வரிசை டிரைவ்களில் சில, திடீர் மின்வெட்டுக்குப் பிறகு தம் கொள்ளளவு வெறும் 8 எம்.பி. என்று அறிவித்தன. க்ரூஷியல் எம்4 டிரைவ்கள், மொத்தம் 5,184 மணி நேரம் இயங்கி முடித்ததும் கணினியை முடக்கத் தொடங்கின. மறுபடி இயக்கினால் ஒரு மணி நேரத்தில் மீண்டும் முடக்கம். 2012 ஜனவரியில் வந்த ஃபர்ம்வேர் அதைத் தீர்த்தது. இவற்றையெல்லாம் மிஞ்சியது 2019 நவம்பரில் ஹியூலெட் பேக்கார்டு என்டர்பிரைஸ் வெளியிட்ட எச்சரிக்கை: சர்வர்களில் பயன்படும் சில எஸ்.எஸ்.டி. மாதிரிகள், 32,768 மணி நேரத்தில், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரத்தில், மீட்க முடியாதபடி நின்றுவிடும் என்றது. 16 பிட் எண்ணியில் குறியோடு எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 32,767 என்பதை அறிந்தவர்களுக்கு, அந்த மணிக்கணக்கே பிழையின் இயல்பைச் சொல்லிவிடும். ஒரே நாளில் ஒரே சர்வரில் பொருத்திய டிரைவ்கள் ஒரே நாளில் நின்றுபோகக்கூடும் என்பதால், ஒன்றின் நகல் மற்றொன்றில் இருந்தும் பயனில்லாமல் போகும் நிலை அது.

பயாஸில் உங்கள் டிரைவ் தன் சொந்தப் பெயருக்குப் பதில் "சாட்டாஃபர்ம் எஸ்11" என்ற பெயரில் தெரிந்தால், அதுவும் இதே குடும்பத்துக் கோளாறுதான். கண்ட்ரோலர் உயிரோடு இருக்கிறது. தன் ஃபர்ம்வேரைச் சிப்புகளிலிருந்து படிக்க முடியாமல், அவசர நிலையில் நிற்கிறது. அந்த நிலையில் ஃபர்ம்வேரை மறுபடி ஏற்றும் கருவிகள் டிரைவுக்கு உயிர் தந்தாலும் தரவை அழித்துவிடும் என்பதை, முயலும் முன் நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: செத்துப்போன எஸ்.எஸ்.டி.க்கு இன்னும் உத்தரவாதக் காலம் இருக்கிறது. திருப்பி அனுப்பினால் புதியது தருவார்கள். ஆனால் அதில் என் சொந்தக் கோப்புகள் இருக்கின்றன. தெரியாத டிரைவில் எதையும் அழிக்கவும் முடியவில்லை. அனுப்பலாமா?

பதில்: பிட்லாக்கர் போன்ற மறையாக்கம் இயக்கத்தில் இருந்திருந்தால் தயங்காமல் அனுப்புங்கள், குறியீடு இல்லாமல் உள்ளே இருப்பதை யாரும் படிக்க முடியாது. இல்லாவிட்டால், டிரைவின் விலையையும் கோப்புகளின் தன்மையையும் நீங்களே எடைபோட வேண்டும். வங்கி விவரங்களும் அடையாள ஆவணங்களும் இருந்த டிரைவை நானாக இருந்தால் அனுப்ப மாட்டேன். கோப்புகள் உங்களுக்குத் திரும்ப வேண்டும் என்றாலோ, அனுப்பும் பேச்சே வேண்டாம். உத்தரவாதத்தில் வருவது வேறொரு டிரைவ், உங்கள் தரவு அல்ல. மீட்பு ஆய்வகத்துக்கு முதலில் கொடுங்கள். அவர்கள் உறையைத் திறந்தால் உத்தரவாதம் நீடிக்குமா என்பதை, கொடுக்கும் முன்பே தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.